செம்பு நிறப் பூச்சு

நார்பர்ட்டிடம் மிச்சமிருந்தது ஒரே ஒரு சொல்தான். "எழவு."

வசந்த காலத்தில் வந்த பக்கவாதம் வலது கையையும் காலையும் எடுத்துக்கொண்டதோடு நிற்காமல், அறுபத்தாறு வருடம் சேர்த்துவைத்த பேச்சையும் வழித்துக்கொண்டு போயிற்று. போகிற போக்கில் எதற்காகவோ இந்த ஒன்றை மட்டும் விட்டுவிட்டது. அடிபட்ட வண்டிகளை நிமிர்த்தும் பட்டறையில் வாழ்நாள் முழுக்க வேலை பார்த்தவர். மூச்சுக்கு முந்நூறு தடவை சொன்ன சொல் என்பதால் அடியில் ஒட்டிக்கொண்டிருந்திருக்கும். தண்ணீர் வேண்டுமென்றாலும் எழவு, ஜன்னலைச் சாத்து என்றாலும் எழவு. பாதிரியார் வீட்டுக்கு வந்து நெற்றியில் எண்ணெய் தொட்டு ஆசீர்வதித்தபோது, கண் கலங்க நன்றி சொல்லப் போய் அதையேதான் சொன்னார். பாதிரியார் நல்ல மனிதர். "ஆமென்" என்று சமாளித்துக்கொண்டு காபிக்கு உட்கார்ந்துவிட்டார்.

தலையாட்டுவதும் உதவவில்லை. ஆஸ்பத்திரியில் முதல் சில வாரங்கள், ஆமாம் என்பதற்கும் இல்லை என்பதற்கும் தலை மாறி மாறி ஆடியது. பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண் அதைப் பார்த்துவிட்டு, "இவர் தலையாட்டுறதை வச்சு எதையும் முடிவு பண்ணிடாதீங்க" என்று சொல்லிவைத்தாள். அந்தப் பேச்சு வீட்டுக்கு வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் பரவிவிட்டது. இப்போது தலை சரியாகத்தான் ஆடுகிறது. அதை யாரிடம் சொல்வது, எதைக் கொண்டு சொல்வது? பேச்சோடு எழுத்தும் சேர்ந்தே போயிருந்தது. இடது கையில் பென்சிலைக் கொடுத்தால் கோழி கிளறினதுபோல ஏதோ வரும், அவ்வளவுதான்.

உள்ளே மட்டும் எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. அதுதான் கொடுமை.

அக்டோபர் மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை, கேலனும் பட்சும் பிக்கப் வண்டியில் வெல்டிங் மிஷினை ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார்கள். இருவரும் பழைய கார் சங்கத்துக் கூட்டாளிகள். கேலன் பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். குளிர்காலத்தில் அக்கம்பக்கத்துப் பண்ணைகளின் வைக்கோல் வண்டிக்கும் லாரிக்கும் உடைந்த இரும்பைப் பத்தவைத்துக் கொடுப்பார். பட்ச் தபால் இலாகாவில் இருந்தவர். வெல்டிங்கைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அவர் இருக்கிற இடத்தில் சிரிப்புக்குக் குறைவிருக்காது.

"டேய் நார்ப், இன்னிக்கு உன் வண்டிக்கு முகூர்த்தம்டா" என்றார் பட்ச், சமையலறைக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக. "கேலன் ஒத்தைக்கால்ல நிக்கிறான். முன்பக்கத்து ரெண்டு இரும்புச் சட்டத்தையும் மாத்தி முடிக்காம வீட்டுக்குப் போறதில்லையாம்."

கேலன் தொப்பியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டு நின்றார். "போன வருஷம் என் பொண்டாட்டி போனப்ப, இந்த வீட்டு மேஜையில உட்கார வச்சு சோறு போட்டீங்க. அதுக்கு நான் என்ன பண்ணினேன்? இதாவது பண்றேன்."

அடுப்படியில் நின்ற நார்பர்ட்டின் மனைவி டெலோரிஸ் ஏப்ரனால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நார்பர்ட்டுக்கும் நெஞ்சு நிறைந்துதான் போயிற்று. பூட்டிக் கிடந்த கார் கொட்டகை ஆறு மாதத்துக்குப் பிறகு திறக்கப் போகிறது. "எழவு" என்றார் சந்தோஷமாக. எல்லோரும் சிரித்தார்கள்.

சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போய்க் கொட்டகைக்குள் நிறுத்தினார்கள். அறுபத்தேழாம் வருடத்து மஸ்டாங் கார் நாலு தாங்கிகளின் மேல், அவர் விட்ட இடத்திலேயே நின்றது. இன்ஜின் இல்லை, முன் மட்கார்டுகள் இல்லை, பானெட் சுவரில் சாய்ந்திருந்தது. அதைப் பார்த்ததும்தான் நார்பர்ட்டுக்குப் பக்கவாதம் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை முழுசாக நினைவுக்கு வந்தது.

கேலனுக்குத் தெரிந்ததெல்லாம் லாரி. லாரிக்கு அடியில் ஏணி மாதிரி ஒரு தனிச் சட்டம் உண்டு, உடல் அதன் மேல் சும்மா உட்கார்ந்திருக்கும். இந்த வண்டி அப்படியில்லை. முன்னால் நீளும் இரண்டு சட்டங்களும் உடலோடு உடலாகப் பத்தவைத்தவை. இன்ஜினையும் முன் சக்கரங்களையும் தாங்குவது அவைதான். அதனால் ஒன்றை வெட்டி எடுக்கும்போது இன்னொன்று நின்று, வண்டியின் மூக்கு எங்கே இருக்க வேண்டும் என்று காட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஒரு பக்கம் முழுக்க முடியாமல் மறுபக்கத்தில் கை வைத்தால் வண்டி கோணலாகிவிடும். கோணலாகவே பத்தவைத்துவிட்டால் ஆயுசுக்கும் அது நேராக ஓடாது.

பேட்டரி நீர் வடிந்து வடிந்து வலது சட்டத்தைத் தின்றிருந்தது. இடது சட்டம் யாரோ எப்போதோ பள்ளத்தில் விட்டதில் நுனி மடங்கிப்போனது. நார்பர்ட் வலதை வெட்டி எடுத்து, புதுசை வைத்து, குறுக்கு அளவுகளை வாரக்கணக்கில் சரிபார்த்து, கிளாம்ப் போட்டு இறுக்கியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, இணைப்புகளின் மேல் செம்பு நிறப் பூச்சையும் அடித்துவிட்டார். அதன் மேலேயே பத்தவைக்கலாம், உள்ளே துருப்பிடிக்காது. பூச்சு காயட்டும், நாளைக்குப் பத்தவைக்கலாம் என்று விளக்கை அணைத்துவிட்டுச் சாப்பிடப் போனார். சாப்பாட்டு மேஜையில் கரண்டி கை நழுவி விழுந்தது. அந்த 'நாளைக்கு' வரவேயில்லை.

இன்னும் பத்தவைக்கலை. இரண்டே சொல். அதைச் சொன்னால் போதும்.

பட்ச் துடைப்பத்தை எடுத்தார். "முதல்ல குப்பையைக் கூட்டுவோம். ஆறு மாச இலை, எலிப்புழுக்கை, எல்லாம் கெடக்கு."

கீழே சிமெண்டுத் தரையில் இருந்தது குப்பை மட்டுமல்ல. வண்டியின் அடியிலிருந்து தூக்குக்குண்டு தொங்கவிட்டு, புள்ளி புள்ளியாகச் சாக்பீஸால் குறித்து, குறுக்கே கோடு இழுத்து வைத்திருந்தார் நார்பர்ட். வண்டி எங்கே நேராக நிற்கிறது என்பதற்கு அந்தக் கோடுகள்தான் சாட்சி. "எழவு! எழவு!" என்று கத்தினார்.

"பார்த்தியா, கூட்டுறது கூட ஐயாவுக்குப் பிடிக்கலை. எப்பவும் இப்படித்தான், இவர் கொட்டகையில ஒரு ஸ்க்ரூவை நகர்த்தக் கூடாது" என்று சொல்லிக்கொண்டே பட்ச் மூலை முடுக்கெல்லாம் கூட்டினார். போதாததற்கு ஒரு வாளித் தண்ணீரையும் ஊற்றித் தேய்த்துவிட்டார். அன்பாகத்தான் செய்தார். கோடுகள் தண்ணீரோடு போய் வாசலில் வெள்ளையாகக் காய்ந்தன.

கேலன் முட்டி போட்டு வலது சட்டத்தைத் தடவிப் பார்த்தார். பளபளவென்று செம்பு நிறம். ஓரங்களில் ஒரு பிசிறு இல்லை. "பாருடா பட்ச், இந்தப் பக்கத்தை முடிச்சே வச்சிருக்கான். பூச்சு கூட அடிச்சாச்சு. எவ்வளவு சுத்தமான வேலை பார், வெல்டிங் வச்ச தடமே தெரியலை."

"தலைவர் கையாச்சே அது" என்றார் பட்ச்.

பத்தவைத்திருந்தால்தானே தடம் தெரியும்! பூச்சு என்பது எல்லாம் முடிந்து கடைசியில் அடிப்பது என்பது லாரிக்காரர் கணக்கு. கேலன் கிளாம்புகளை ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தார். "எடுக்க மறந்துட்டான் போல. நமக்கு அந்தப் பக்கத்துக்கு வேணும்."

கடைசிக் கிளாம்பும் வந்துவிட்டது. சட்டம் அசையவில்லை. உள்பக்கத்தில் நாலைந்து சின்னத் திருகாணிகள் அதைப் பிடித்துக்கொண்டிருந்தன, அவ்வளவுதான். நார்பர்ட் தலையை இடமும் வலமும் ஆட்டினார். கழுத்து வலிக்கும்வரை ஆட்டினார். கேலன் கவலையோடு நிமிர்ந்து பார்த்தார்.

"என்னடா, வேண்டாங்கிறானா?"

"தலையாட்டுறதை நம்பாதீங்கன்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சுல்ல" என்றார் பட்ச். "வேணும்னாலும் அப்படித்தான் ஆட்டுவான்."

"அதுவும் சரிதான்" என்று கேலன் இரும்பு வெட்டும் கிரைண்டரை எடுத்து ஓடவிட்டார்.

அந்த நிமிடத்தில் நார்பர்ட்டுக்கு ஒரு யோசனை வந்தது. மின்சார ஒயர் நாற்காலிக்கு அருகில்தான் ஓடிற்று. இடது காலை இறக்கி, குதிகாலில் ஒயரை மாட்டி, இருக்கிற பலத்தையெல்லாம் சேர்த்து இழுத்தார். சுவரிலிருந்து பிளக் பிடுங்கிக்கொண்டு வந்தது. கிரைண்டர் முனகி நின்றது. வெற்றி என்றால் இதுதான் வெற்றி என்று ஒரு கணம் இருந்தது.

"அடடா, கால் சிக்கிருச்சு பாரு" என்று பட்ச் ஓடி வந்து காலை எடுத்து நாற்காலியின் கால்தாங்கியில் வைத்து, போர்வையால் இறுகச் சுற்றிவிட்டார். குழந்தைக்குச் செய்வதுபோலப் பதவிசாகச் செய்தார். பிளக்கைத் திரும்பச் சொருகினார்.

நாற்காலியின் ஒரு சக்கரத்தை மட்டும் இடது கையால் தள்ளினால் அது வட்டமடிக்கத்தான் செய்யும். வட்டமடித்து வட்டமடித்து எப்படியோ வண்டியை நெருங்கினார் நார்பர்ட். கையை நீட்டி இடது சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். வெட்ட வேண்டுமானால் என் கையோடு சேர்த்து வெட்டு. துரு உள்ளங்கையில் குத்தியது. விடவில்லை.

கேலன் கிரைண்டரைக் கீழே வைத்தார். கண்ணாடிக்குள் கண்கள் நிறைந்துவிட்டன. "பட்ச், இங்க பாரேன். பழைய சட்டத்துக்கு விடை குடுக்கிறான்டா."

பட்சுக்கும் கிண்டல் வரவில்லை. கேலன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, நார்பர்ட்டின் விரல்களை ஒவ்வொன்றாக, மெதுவாக எடுத்தார். "புரியுதுடா. எனக்குப் புரியுது. நான் நல்லா முடிச்சுத் தர்றேன். என்னை நம்பு." புறங்கையில் ஒரு முத்தம் வேறு. கெட்டவர்களாக இருந்தால் சபிக்கலாம். இப்படிப்பட்டவர்களை என்ன செய்வது?

"எழவு" என்றார் நார்பர்ட். கெஞ்சுகிற குரலில் வந்தது. அதைக் கேட்டு கேலன் தேம்பியேவிட்டார்.

அப்போதுதான் டெலோரிஸ் தட்டில் காபியும் டோனட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே வந்தாள். நார்பர்ட் அவளைப் பார்த்தார். நாற்பது வருடத் தாம்பத்தியம். தண்ணீருக்கான எழவு எது, தலையணைக்கான எழவு எது என்று குரலை வைத்தே பிரித்தறிகிறவள். அவர் அவள் முகத்தைப் பார்த்தார், பிறகு வலது சட்டத்தைப் பார்த்தார், திரும்ப அவள் முகத்தைப் பார்த்தார். அவளும் அவர் பார்வை போன வழியே போய்ச் செம்பு நிறத்தைப் பார்த்தாள். தட்டைப் பெஞ்சின் மேல் வைத்தாள். புரிந்துவிட்டது. அவளுக்குப் புரிந்துவிட்டது.

"கேலன்" என்றாள் அவள். "அந்த வலது பக்கம் சரியாத்தானே இருக்கு?"

"கல்லு மாதிரி இருக்கு டெலோரிஸ்." கேலன் சுத்தியலால் செல்லமாகத் தட்டிக் காட்டினார். சட்டம் ணங்கென்றது. "நார்ப் வேலையை நான் சந்தேகப்படறதா? இன்னிக்கு ராத்திரிதான் எனக்கு நல்லாத் தூக்கம் வரும், சொல்லிட்டேன். பத்து மாசமாச்சு, நான் எதையாவது உருப்படியா செஞ்சு."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கேலனின் முகத்தைப் பார்த்தாள். காபி ஆறிக்கொண்டிருந்தது. பிறகு நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்து, "இவர் களைச்சிட்டாரு. வெயில்ல கொஞ்ச நேரம் வைக்கிறேன். சத்தம் இவருக்கு ஆகாது" என்று வெளியே தள்ளிக்கொண்டு போனாள்.

மேப்பிள் மரத்தடியில் கொட்டகைக்கு முதுகைக் காட்டி நிறுத்தினாள். கழுத்துவரை போர்வை. இலைகள் மஞ்சளாக உதிர்ந்து மடியில் விழுந்தன. பின்னால் கிரைண்டர் அலறியது. பார்க்க முடியாவிட்டால் என்ன, நார்பர்ட்டுக்குக் காது போதும். தகடு வெட்டும் சத்தம் ஒன்று, தடித்த இரும்பு வெட்டும் சத்தம் வேறு. இப்போது மேல் தகடு. இப்போது சட்டத்தின் மேல் முகம். இப்போது பக்கம். இனி அடி மட்டும்தான் பாக்கி. கொட்டகையைப் பார்க்க அவரால் கழுத்தைத் திருப்ப முடிந்த அளவுக்குத் திருப்பினார். கதவின் ஓரம் தெரிந்தது.

கிரைண்டர் நின்றது. தொடர்ந்து ஒரு முனகல். இரும்பு தன் எடையைத் தாங்க மாட்டாமல் நெளியும்போது போடும் சத்தம் அது, பட்டறையில் கேட்டுப் பழகியது. திருகாணிகள் பட் பட்டென்று தெறித்தன. ஏதோ தரையில் இடித்தது.

"ஐயையோ" என்றார் பட்ச் உள்ளே.

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. மூக்கு கொஞ்சம் இறங்கிருச்சு. ஜாக்கியை எடு."

"வலது பக்கமும்ல சாயுது?"

"அது இந்தப் பக்கம் போனதும் இழுத்திருக்கும். தூக்கு. இன்னும் கொஞ்சம். போதும், போதும். கண்ணுக்கு நேரா இருக்கா?"

"ஜோரா இருக்கு."

கண்ணுக்கு நேராம். நார்பர்ட் போர்வைக்குள் இடது கையை மூடி மூடித் திறந்தார். அழுகை வந்தது. மூக்கைத் துடைத்துக்கொள்ளக் கையை வெளியே எடுக்க முடியாதபடி போர்வையைச் சுற்றியிருந்தாள் டெலோரிஸ். மதியத்துக்கு மேல் வெல்டிங் வெளிச்சம் கொட்டகைச் சுவரிடுக்கில் நீலமாக வெட்டி வெட்டி மின்னியது. ஒவ்வொரு மின்னலுக்கும் கோணல் ஒரு அங்குலம் உறுதியாகிக்கொண்டிருந்தது. கேலன் வைக்கோல் வண்டிக்கு வைப்பதுபோலக் கெட்டியாகத்தான் வைத்திருப்பார். இனி அதை அறுத்தெடுத்து, இழுத்து நிமிர்த்த வேண்டுமானால், இரண்டு கை உள்ள ஒரு நார்பர்ட் வேண்டும்.

சாயங்காலம் அவரை உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள். மட்கார்டுகளைச் சும்மா மாட்டி, பானெட்டை மேலே வைத்திருந்தார்கள். ஒரு பக்க இடுக்கில் சுண்டுவிரல் நுழையாது. மறுபக்க இடுக்கில் கட்டைவிரலைத் தாராளமாக விட்டு ஆட்டலாம். கேலன் அதைப் பார்த்து நெற்றியைச் சொறிந்தார்.

"கொஞ்சம் தகடு வச்சு அட்ஜஸ்ட் பண்ணினா சரியாப் போயிரும். என்ன நார்ப்?"

"இதைவிடக் கோணலா நானே கல்யாணத்துல நின்னேன்" என்றார் பட்ச். சிரித்தார்கள். டெலோரிஸும் சிரித்தாள். ஆளுக்கொரு பக்கம் பிடித்து நார்பர்ட்டைத் தூக்கி ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்து, இடது கையை ஸ்டியரிங்கின் மேல் எடுத்து வைத்து, கைதட்டினார்கள். அந்த இருக்கையிலிருந்து பார்த்தால் பானெட்டின் நடுக்கோடு நேராக ஓடி எதிர்ச் சுவரின் நடு ஜன்னலில் முட்ட வேண்டும். அது ஜன்னலை விட்டு விலகி, பெயிண்ட் டப்பாக்கள் அடுக்கிய அலமாரியில் போய் முட்டியது. நார்பர்ட் எதுவும் சொல்லவில்லை. அந்த ஒரு சொல்லையும் சொல்லவில்லை.

"பேச்சே வரலை பார் அவனுக்கு" என்றார் கேலன். இந்த வருடத்தில் முதல் தடவையாக அவர் முகம் மலர்ந்திருந்தது. அடுத்த சனிக்கிழமை வந்து பிரேக் வேலையைப் பார்ப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

டெலோரிஸ் சமையலறை மேஜைக்கு அவரைத் தள்ளிக்கொண்டு வந்து, கோழிச் சூப்பைச் சுடவைத்தாள். கழுத்தில் துண்டைக் கட்டினாள். எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கரண்டியை எடுத்தவள் திரும்பக் கிண்ணத்திலேயே வைத்தாள்.

"எனக்குத் தெரியும், நார்ப்."

அவர் நிமிர்ந்தார்.

"நீ இதே மேஜையில அன்னிக்கு சொன்ன. பூச்சு காஞ்சதும் நாளைக்குத்தான் பத்தவைக்கணும்னு. நீ பேசின கடைசிப் பேச்சு அது, எனக்கு மறக்குமா? நீ அதைப் பார்த்ததும் எனக்குப் புரிஞ்சுருச்சு. சொல்லலாம்னுதான் வாயைத் திறந்தேன். சொன்னா கேலன் என்ன ஆவார்? கிளாம்பைக் கழட்டினதே தப்புன்னா, அப்புறம் இந்தப் பக்கமே தலை வச்சுப் படுக்க மாட்டார். அவங்க வர்றதை நிறுத்திட்டா, நானும் நீயும் மட்டும் இந்தச் சமையல்கட்டுல மூஞ்சியைப் பார்த்துக்கிட்டு... என்னால முடியலைடா. இந்தக் குளிர்காலத்தை என்னால தனியாத் தாண்ட முடியாது."

"நீ அதை இனிமே ஓட்டப்போறதில்லை, கண்ணு" என்றாள் இன்னும் மெதுவாக. "நேரா இருந்தா என்ன, கோணலா இருந்தா என்ன?"

இந்த ஆறு மாதமும் அவரை நிமிர்த்தி வைத்திருந்தது ஒரே நம்பிக்கைதான். யாருக்கும் புரியவில்லை, புரிகிற அன்றைக்கு எல்லாம் சரியாகிவிடும், யாராவது ஒருத்தர் போதும். அந்த ஒருத்தர் இதோ எதிரில் உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கு எல்லாமே புரிந்திருந்தது, காலையிலேயே புரிந்திருந்தது.

அவர் எதையோ சொல்ல வாயைத் திறந்தார். டெலோரிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சூப்பை ஊதி ஆற்றி, கரண்டியை அவர் வாய்க்குள் வைத்தாள்.